ஐஸ் சாயம்: வீடியோக்கள் வெட்டிவிடும் அந்த ஒரு மணி நேரம்

இந்தக் குறிப்பை எழுதக் காரணம் ஒரு பள்ளிக்கூடச் சட்டை. வெள்ளைச் சட்டை. இப்போது அது லேசான ரோஜா நிறத்தில் இருக்கிறது, தோள்பட்டையில் மட்டும் கொஞ்சம் அழுத்தமாக.

கோடை விடுமுறை முடியும் நேரத்தில் என் மகள் ஒரு வீடியோவைக் காட்டி, "அப்பா, இது நம்ம பண்ணலாமா?"ன்னு கேட்டாள். சுருட்டி வைத்த வெள்ளைப் பருத்தி டி-சர்ட் மேல் ஐஸைக் கொட்டி, அதன்மேல் சாயப் பொடியைத் தூவிவிட்டுப் போய்விடுகிறார்கள். மறுநாள் பிரித்தால் நீலமும் ஊதாவும் மஞ்சளும் கலந்து, ஆகாயத்தைத் தொலைநோக்கியில் பார்த்தமாதிரி ஒரு துணி. பொடி வாங்கினேன், சோடா வாங்கினேன், வீடியோவில் சொன்னதையெல்லாம் அப்படியே செய்தோம். அருமையாக வந்தது. தண்ணீர் "தெளிவாகும் வரை" அலசச் சொன்னார்கள், அலசினோம். அடுத்த வாரம் அது பள்ளிச் சீருடையோடு சேர்ந்து வாஷிங் மெஷினுக்குள் போனது.

அப்புறம் வழக்கம்போல உட்கார்ந்து தோண்ட ஆரம்பித்தேன். தொழில் மென்பொருள், படித்தது பி.இ. வேதியியல் முதலாமாண்டோடு முடிந்தது. ஆனால் ஊர் திருப்பூர், அப்பா சாயப்பட்டறையில் விஞ்ச் மெஷின் ஓட்டியவர். இந்த இரண்டும் சேர்ந்ததால்தான் இதை ஒரு செய்முறையாக எழுதாமல் விமர்சனமாக எழுதுகிறேன். ஐஸ் சாயம் என்ற கைவேலையையும், அதைச் சொல்லித்தரும் குறும்படங்களையும் பற்றிய விமர்சனம்.

ஐஸ் உண்மையில் என்ன செய்கிறது

முதலில் பாராட்டவேண்டியதைப் பாராட்டிவிடலாம். இந்த அழகு பொய்யில்லை.

இதில் பயன்படும் சாயத்துக்குப் பெயர் ரியாக்டிவ் சாயம். இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் ராட்டி, ஸ்டீபன் என்ற இரு வேதியியலாளர்கள் 1954-இல் கண்டுபிடித்தது. 1956-இல் 'ப்ரோசியான்' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. பெர்க்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்து அப்போது சரியாக நூறு ஆண்டு. அதுவரை பருத்திக்கு இருந்த பெரும்பாலான சாயங்கள் நூலில் ஒட்டிக்கொண்டோ, நூலுக்குள் சிக்கிக்கொண்டோதான் நின்றன. இது அப்படியில்லை. காரத் தன்மை இருந்தால் பருத்தியின் செல்லுலோஸோடு நேரடியாக வேதிப்பிணைப்பு போட்டுக்கொள்ளும். சாயம் துணியின் ஒரு பகுதியாகவே ஆகிவிடும். நம் ஊர் சாயக் கடைகளில் 'கோல்டு பிராண்ட்' என்று கேட்டால் கிடைப்பது இந்தக் குடும்பம்தான். சூடாக்கத் தேவையில்லை, அறை வெப்பமே போதும்.

சூடு வேண்டாம் என்றால் ஐஸ் எதற்கு? எனக்கு வந்த முதல் கேள்வி இது. குளிர்ந்தால் வேதிவினை மெதுவாகும், அதனால் சாயம் பிடிப்பதற்கு ஐஸ் எந்த உதவியும் செய்யாது. உண்மையில் தடைதான்.

பதில் வேறு இடத்தில் இருக்கிறது. எங்கள் தொழிலில் 'ரேட் லிமிட்டிங்' என்று ஒன்று உண்டு. சர்வருக்கு ஒரே நேரத்தில் பத்தாயிரம் கோரிக்கைகள் வந்து விழாமல், கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுவது. ஐஸ் செய்வது அதைத்தான். பொடி ஒரேயடியாகக் கரையாமல், உருகும் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கரைத்துத் துணிக்குள் இறக்குகிறது. அந்த நேரத்தில் குளிர் இருப்பதால் சாயம் உடனே நூலைப் பிடித்துக்கொள்ளாமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

இப்போது இன்னொரு விஷயத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் கறுப்பு, பழுப்பு, ஊதா, ஆலிவ் பச்சை போன்றவை பெரும்பாலும் ஒற்றைச் சாயங்கள் இல்லை. இரண்டு மூன்று சாயங்களின் கலவை. அதில் ஒவ்வொன்றும் கரையும் வேகம், நகரும் தூரம், நூலைப் பிடிக்கும் அவசரம் எல்லாம் வேறு வேறு. ஃபூஷியா என்கிற அந்த அடர் ரோஜா அவசரக்காரன், பக்கத்திலேயே பிடித்துக்கொள்வான். டர்காய்ஸ் பெரிய மூலக்கூறு, மெதுவாகத்தான் வினைபுரியும். சொட்டுச் சொட்டாக இறங்கும்போது இவை பிரிந்துவிடுகின்றன. பள்ளியில் சாக்பீஸின் அடியில் மைப்புள்ளி வைத்துத் தண்ணீரில் நிறுத்தியது ஞாபகம் இருக்கிறதா? மை மேலே ஏறும்போது தனித்தனி நிறமாகப் பிரியும். அதே குரோமடோகிராஃபிதான் இது. சாக்பீஸுக்குப் பதில் டி-சர்ட்.

சோதித்தும் பார்த்தேன். ஒரே கறுப்புப் பொடியை ஈரத்துணியில் ஐஸ் இல்லாமல் தூவினால் கறுப்புப் புள்ளிகளும் திட்டுகளும்தான் வந்தன. ஐஸ் மேல் தூவியதில் நீலம், செம்பு நிறம், ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள். எந்தக் கலவை எப்படிப் பிரியும் என்று முன்கூட்டியே தெரிய ஒரு சுலப வழி: ஈர டிஷ்யூ காகிதத்தில் நாலு துகள் தூவிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் ஜாதகம் தெரிந்துவிடும்.

சொல்லித் தருவதில் உள்ள ஓட்டைகள்

அமெரிக்காவில் கைவினை செய்பவர்களிடையே முதலில் பனியைத் துணிமேல் அள்ளிப்போட்டுச் சாயமிடும் பழக்கம் இருந்தது, ஐஸ் அதன் நீட்சி. அங்கே சாயம் விற்பவர்கள் தரும் நீளமான எழுத்துக் குறிப்புகள் பலவும் ஒழுங்காகவே இருக்கின்றன. 2020 லாக்டவுனில் வீட்டுக்கு வீடு டை-டை போட்டபோது அந்தக் குறிப்புகள் ஒரு நிமிட வீடியோவாகச் சுருங்கின. சுருங்கும்போது எது விழுந்தது, எது தவறாக ஒட்டிக்கொண்டது என்று பார்ப்பது சுவாரசியம்.

வினிகர். "கடைசியில் வினிகரில் முக்கினால் நிறம் லாக் ஆகிடும்." ஆகாது. வினிகர் கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் ஆசிட் சாயங்களின் சமாச்சாரம். பருத்தியில் ரியாக்டிவ் சாயத்துக்கு வேண்டியது காரம். வினை நடக்கும்போதே வினிகர் ஊற்றினால் வினை நின்றுபோகும். முடிந்தபின் ஊற்றினால் புதிதாக எதையும் பிடிக்க வைக்காது. பட்டறையில் அசிட்டிக் அமிலம் போடுவது உண்டு. அது மிச்சமிருக்கும் சோடாவைச் சரிக்கட்ட மட்டுமே.

உப்பு. தொட்டித் தண்ணீரில் துணியை முக்கிச் சாயமிடும்போது உப்பு கட்டாயம் வேண்டும். தண்ணீரில் பருத்தியும் எதிர்மின் தன்மையோடு இருக்கும், சாயமும் அப்படியே. இரண்டும் விலகி நிற்கும். உப்பு அந்த விலகலைக் குறைத்துச் சாயத்தைத் துணிப்பக்கம் தள்ளுகிறது. ஐஸ் முறையில் தண்ணீர் குறைவு, சாயம் ஏற்கெனவே துணிமேல்தான் இருக்கிறது. உப்பு தேவையே இல்லை. இதைப் பிற்பாடு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தச் சோடா? "சோடா போடுங்க" என்று மட்டும் சொன்னால் நம் வீட்டில் முதலில் கைக்கு வருவது ஆப்ப சோடா. அதன் காரம் போதாது. வேண்டியது சோடா ஆஷ், அதாவது நீரற்ற சோடியம் கார்பனேட். லிட்டருக்குச் சுமார் 60 கிராம். கட்டி கட்டியாக, கண்ணாடி மாதிரி இருக்கும் வாஷிங் சோடாவும் அதே பொருள்தான், ஆனால் எடையில் 63 விழுக்காடு தண்ணீர். அதையே போட்டால் ஏறக்குறைய 2.7 மடங்கு போடவேண்டும். இந்தக் கணக்கு தெரியாததால்தான் பலருக்கு வெளிறிய சட்டை வருகிறது. பழி பொடிமேல் விழுகிறது.

24 மணி நேரம். இது குளிர்நாட்டு அறைக்கான கணக்கு. சென்னையில் எங்கள் பால்கனியில் ஒன்றரைக் கிலோ ஐஸ் இரண்டு மணி நேரத்தில் காணாமல் போனது, அதன்பின் 33 டிகிரி வெயில் ஊர். துணி காயாமல் மூடி ராத்திரி முழுக்க விட்டாலே போதும்.

தையல். பாலியஸ்டரை இந்தச் சாயம் தொடாது. நூறு விழுக்காடு பருத்திச் சட்டையிலும் தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர்தான். அதனால் வண்ணச் சட்டையில் வெள்ளைக் கோடாகத் தையல் நிற்கும். எங்களுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் முன்னமே தெரிந்திருந்தால் மகள் அரைமணி நேரம் வருத்தப்பட்டிருக்க மாட்டாள்.

மூச்சு. இது மட்டும் ஓட்டையில்லை, குற்றம். சாதாரண டை-டையில் பொடியைத் தண்ணீரில் கரைக்கும் அந்த ஒரு நிமிடம்தான் பொடி காற்றில் பறக்கும். ஐஸ் முறையில் முழு வேலையே பொடியைத் தூவுவது. ரியாக்டிவ் சாயப் பொடியைத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரல் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் வரலாம் என்பது சாயத்தொழிலில் நன்றாகத் தெரிந்த விஷயம். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் துளி பொடியே போதும். நான் பார்த்த வீடியோக்களில் கையுறை இருந்தது, முகமூடி இல்லை. சிலதில் பக்கத்தில் குழந்தை நின்றுகொண்டிருந்தது. விரலில் படிந்த நிறம் சில நாளில் போய்விடும். மூடவேண்டியது மூக்கைத்தான். மின்விசிறியை நிறுத்திவிட்டு, நல்ல முகமூடி போட்டு, பெரியவர்கள் தூவட்டும். பிள்ளைகள் மடிப்பதையும் பிரிப்பதையும் செய்யட்டும்.

வெட்டப்பட்ட காட்சி

இந்த வீடியோக்களுக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. மடிப்பு, ஐஸ், பொடி, வேகமாக ஓட்டிய உருகல். பிறகு திறப்புக் காட்சி: ஈரத் துணியைப் பிரிக்கிறார்கள், நிறம் கண்ணைப் பறிக்கிறது. வெட்டு. அடுத்த நொடி காய்ந்த சட்டையைப் போட்டுக்கொண்டு சிரிக்கிறார்கள்.

நடுவில் வெட்டப்பட்டது அலசல். என் வாதம் இதுதான்: இந்தக் கைவேலையின் உண்மையான வேலை அந்த வெட்டுக்குள்தான் இருக்கிறது.

காரணம் வேதியியல். இந்தச் சாயம் பருத்தியோடு மட்டுமல்ல, தண்ணீரோடும் வினைபுரியும். தண்ணீரோடு பிணைந்த மூலக்கூறு செத்த மூலக்கூறு. அதன்பிறகு அது துணியோடு பிணைப்பு போட முடியாது. ஆனால் நிறம் அப்படியே இருக்கும், நூலில் சும்மா ஒட்டிக்கொண்டும் இருக்கும். ஒழுங்காக நடக்கும் பட்டறைச் சாயமிடலிலேயே 20 முதல் 40 விழுக்காடு சாயம் இப்படிப் பிடிக்காமல் போவது சாதாரணம் என்பார்கள். மேலே குவியலாகப் பொடி தூவும் ஐஸ் முறையில் இதைவிடக் குறைவாக இருக்க வழியில்லை. ஆக, திறப்புக் காட்சியில் நாம் வாயைப் பிளந்து ரசிப்பதில் ஒரு பகுதி, சாக்கடைக்குப் போயாகவேண்டிய நிறம்.

சட்டை கதையைப் போனில் சொன்னதும் அப்பா சிரிக்கவில்லை. தொழில்காரர் மாதிரி விசாரித்தார்.

"சோப்பிங் போட்டியா கண்ணு?"

"இல்லீங்ப்பா. தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் அலசுனோம்."

"பச்சத் தண்ணிலயா? பச்சத் தண்ணில அது எப்புடிப் போகும்? மொதல்ல சோடாவப் போக்கீட்டு, அப்பறங் கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்தோணும். தண்ணி தெளிவா வந்தா துணி தெளிஞ்சிருச்சுன்னு ஆரு சொன்னது?"

அவர் சொன்னதற்குப் பின்னால் உள்ள கணக்கைப் பிறகு படித்தேன். குளிர்ந்த நீரில் செத்த சாயத்துக்கு நூல்மேல் இன்னும் ஒட்டுதல் அதிகம். சோடா மிச்சமிருந்தால் அந்த ஒட்டுதல் விடாது. அதனால் முதல் இரண்டு மூன்று அலசல் சாதாரணத் தண்ணீரில், சோடா போக. அதன்பின் 60 டிகிரிக்கு மேல் சுடுநீரில் கொஞ்சம் சோப்பு விட்டு ஊறவைத்தால்தான் ஒட்டுதல் தளர்ந்து சாயம் வெளியே வரும். "தண்ணீர் தெளிவாகும் வரை" என்ற அறிவுரை இந்த இரண்டையும் குழப்பிவிடுகிறது. பச்சைத் தண்ணீர் தெளிந்துவிட்டது என்றால் அது பச்சைத் தண்ணீரால் எடுக்க முடிந்ததை எடுத்துவிட்டது என்று மட்டுமே பொருள்.

தொண்ணூறு லிட்டர்

முதல் சட்டைக்கு நான் பிடித்த தண்ணீர் ஒன்பது பத்து-லிட்டர் வாளி. சட்டையின் எடை 180 கிராம். கிலோவுக்குக் கணக்குப் போட்டால் 500 லிட்டர். அப்பா காலத்துப் பட்டறையில் கிலோ துணிக்கு நூறு லிட்டருக்கு மேல் போவது சாதாரணம் என்பார். அந்தத் தண்ணீரைத்தான் ஊரே திட்டியது. நான் அதைப்போல ஐந்து மடங்கு செலவழித்துவிட்டு, "வீட்டிலேயே செய்யலாம், நச்சில்லை, சூழலுக்கு உகந்தது" என்ற வீடியோத் தலைப்பை நம்பிக்கொண்டிருந்தேன்.

நொய்யலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு சுருக்கம். திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளின் கழிவு ஆண்டுக்கணக்கில் அந்த ஆற்றில் போனது. கீழே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் அந்தத் தண்ணீர் தேங்கியது. அணையைத் திறக்கச் சொல்லிக் கேட்கவேண்டிய விவசாயிகள், அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று நீதிமன்றம் போன ஊர் எங்களுடையது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவை வெளியே விடாத நிலையை எட்டாத பட்டறைகளையெல்லாம் மூடச் சொன்னது. என் மாமா தோட்டத்துக் கிணறு உப்பாகிப்போனதும், அப்பாவின் வேலை போனதும் ஒரே ஆற்றின் இரண்டு கரை. அன்றைக்கு மூடியது சரி என்று அப்பா சொல்லி நான் கேட்டதில்லை. தப்பு என்றும் சொன்னதில்லை.

இங்கே நியாயமாகவும் இருக்கவேண்டும். வீட்டு வாளி நொய்யல் ஆகாது. ஆற்றைக் கெடுத்ததில் கண்ணுக்குத் தெரிந்தது நிறம், நிலத்தைக் கொன்றது உப்பு. தொட்டிச் சாயமிடலில் லிட்டருக்குப் பத்துக்கணக்கான கிராம் உப்பு போகும். அது எதிலும் பிடிக்காது, அப்படியே வெளியே வரும். ஐஸ் முறையில் அந்த உப்பு இல்லை. நான் மேலே நினைவில் வைக்கச் சொன்னது இதற்குத்தான். இந்த முறையின் உண்மையான நற்குணம் அது. எந்த வீடியோவும் அதைச் சொல்லிப் பெருமைப்படவில்லை. பதிலாக "உப்பு போட்டா இன்னும் நல்லா பிடிக்கும்" என்று ஒருவர் அள்ளிப் போடுகிறார்.

ஆனால் "நச்சில்லை" என்பது சோம்பேறித்தனமான சொல். அலசல் நீரில் காரம் இருக்கிறது, செத்த சாயம் இருக்கிறது, டர்காய்ஸ் போட்டிருந்தால் அந்த மூலக்கூறின் நடுவில் செம்பு இருக்கிறது. சாக்கடை இணைப்புள்ள வீட்டில் சிறிய அளவில் இது தாங்கக்கூடியதுதான். அதையே தோட்டத்துச் செடிக்கு ஊற்றாதீர்கள். சோடியம் கார்பனேட் மண்ணுக்கு ஆகாது. சோடாக் கரைசலை ஒருமுறையோடு கொட்டாமல் மூடிவைத்து அடுத்த சட்டைக்கும் பயன்படுத்தலாம்.

இது கலையா?

"ஒவ்வொன்றும் தனித்துவமானது, இன்னொன்று இதுபோல் வராது" என்பது ஐஸ் சாயத்தின் விளம்பர வாசகம். உண்மைதான். காபி கொட்டிய கறையும் இன்னொன்று அதுபோல் வராது. திரும்ப வராதது என்பது மட்டும் ஒரு தகுதியாகாது.

மதுரைச் சுங்குடியை நினைத்துப் பார்க்கிறேன். 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது. சௌராஷ்டிரப் பெண்கள் ஒரு சேலையில் ஆயிரக்கணக்கான முடிச்சுகளைக் கையால் போடுவார்கள். அதுவும் கட்டிச் சாயமிடுவதுதான். அங்கே புள்ளிக்குப் புள்ளி உள்ள சிறு வேறுபாடு கை நடுங்கியதால் வருவது. கை அதைக் குறைக்கப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஐஸில் வேறுபாட்டை உருகும் தண்ணீர் தருகிறது, நாம் வேடிக்கை பார்க்கிறோம். உழைப்பை வைத்து இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

அதற்காக ஐஸ் சாயத்தைத் தள்ளிவிடவும் மாட்டேன். நன்றாகச் செய்பவர்கள் வேடிக்கை பார்ப்பதில்லை. எந்தக் கலவை எப்படிப் பிரியும் என்று தெரிந்து பொடியைத் தேர்கிறார்கள். உருகிய சேற்று நிறத் தண்ணீரில் துணி ஊறாமல் கம்பிவலைமேல் உயர்த்தி வைக்கிறார்கள். எதை வெள்ளையாக விடுவது என்று மடிப்பில் முடிவெடுக்கிறார்கள். அந்த வெள்ளை கடைசிவரை வெள்ளையாகவே நிற்கிறதா என்பதுதான் கைத்திறனின் பரீட்சை. அதை முடிவு செய்வது அலசல். அலசத் தெரியாதவரின் வெள்ளை ரோஜாவாகிவிடும், எங்கள் வீட்டுச் சீருடை மாதிரி.

இரண்டாம் முறை

போன மாதம் அப்பா வந்திருந்தபோது திரும்பச் செய்தோம். ஒன்றுக்குப் பதில் நான்கு சட்டை, ஒரே தடவையாக. பொடி பாதியளவு. முகமூடி. உப்பு இல்லை, வினிகர் இல்லை. முதலில் இரண்டு வாளி பச்சைத் தண்ணீரில் சோடாவைப் போக்கினோம். அப்புறம் மூடிபோட்ட வாளியில் கொதிநீரும் சோப்பும் விட்டு ராத்திரி ஊறவைத்தது இரண்டு தடவை, கடைசியாக இரண்டு அலசல். மொத்தம் ஆறு வாளி, 60 லிட்டர், 720 கிராம் துணிக்கு. கிலோவுக்கு 83 லிட்டர். பெருமைப்படும் எண்ணில்லை என்றாலும் 500-இலிருந்து இறங்கியிருக்கிறது.

தண்ணீரைப் பார்த்து முடிவு செய்ய அப்பா விடவில்லை. ஈரச் சட்டையின் ஒரு மூலையை இரண்டு வெள்ளைத் துண்டுத்துணிக்கு நடுவில் வைத்து, மேலே என் பழைய பாடப்புத்தகங்களை அடுக்கினார். காலையில் எடுத்துப் பார்த்தோம். மூன்றில் துண்டு சுத்தமாக இருந்தது. டர்காய்ஸ் அதிகம் போட்ட நான்காவதில் மட்டும் மிக லேசாக நீலம். "இதுக்கு இன்னொரு தண்ணி வெய்யி"ன்னார். வைத்தோம். ஏழாவது வாளி.

அந்த நீலத் தண்ணீரைக் குளியலறையில் ஊற்றும்போது அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வடிகாலில் சுழன்று போகும்வரை நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மகளைக் கூப்பிட்டு, எந்தச் சட்டை யாருக்கு என்று பிரிக்கச் சொன்னார்.

நீங்கள் செய்வதாக இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். படமும் எடுங்கள். அலசுவதையும் சேர்த்து எடுங்கள்.